வாயாடிக்கு உரிமம் இல்லை

கம்ப்யூட்டர் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. கார் என்றால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறேன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, எனக்கென்று தனியாக வைத்திருக்கும் பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு, ஊரில் பாதிப் பேரைத் திட்டித் திட்டியே ஓட்ட வைத்திருக்கிறேன். என்னிடம் திட்டு வாங்காமல் லைசென்ஸ் வாங்கியவர் எவரும் கிடையாது. அப்படிப்பட்ட என்னிடம் அன்று, சாப்பிடலாம் என்று வீட்டுக்குள் கால் வைத்ததும் வைக்காததுமாக, என் நாத்தனார் வந்து நின்றாள்.

"அண்ணி, எனக்கு லைசென்ஸ் இல்லையாம்."

"நீ எதுக்குடி லைசென்ஸ் கேக்கறே? காரா ஓட்டப் போறே?" என்றேன். எங்களுக்குள் இந்த மாதிரிக் கிண்டல் எப்போதும் உண்டு. வழக்கமாக அவள் என்னைவிட ஒரு படி மேலே போய்த் திருப்பிக் கொடுப்பாள். அன்று கொடுக்கவில்லை. முகம் வெளிறிப்போயிருந்தது.

நாத்தனார் என்றால் என் கணவரின் ஒரே தங்கை. படிப்பை முடித்த வருஷம் ஒரு நோய் வந்து இரண்டு கண்களையும் கொண்டுபோய்விட்டது. அதிலிருந்து எங்களோடுதான் இருக்கிறாள். பின்பக்கத்து அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, மேசைமேல் ஒரு கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டருக்குள் ஒரு பெண் குரல் இருக்கிறது. திரையில் என்ன வந்தாலும் வாசித்துச் சொல்லும் மென்பொருள் அது. காலையில் எழுப்பியதிலிருந்து ராத்திரி தூங்க வைக்கும்வரை பேசிக்கொண்டே இருப்பதால் அதற்கு 'வாயாடி' என்று பெயர் வைத்திருந்தாள். வாயாடி இல்லையென்றால் அந்தக் கம்ப்யூட்டர் அவளுக்கு வெறும் பெட்டி.

"வாயாடிக்குத்தான் லைசென்ஸ் இல்லையாம் அண்ணி. 'இந்தக் கணினிக்கு உரிமம் இல்லை, சோதனை முறையில் இயங்குகிறது'ன்னு காலையிலேர்ந்து ஒரே பாட்டு. அரை மணி நேரம் பேசறா, அப்புறம் பொசுக்குனு வாயை மூடிக்கறா. மெஷினை அணைச்சு மறுபடி போட்டாத்தான் வாயைத் திறக்கறா."

"முறையாத்தானே வாங்கினோம்?"

"அடுத்த வருஷம்வரைக்கும் இருக்கு. அதான் புரியலை."

எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் அன்று மூன்று மணிக்கு அவளுக்குத் தேர்வு.

அதைச் சொல்ல வேண்டும். காப்பீட்டு நிறுவனங்களுக்காக மருத்துவர்கள் நோயாளிகளைப் பரிசோதித்து, அறிக்கையை வாயால் பேசிப் பதிவு செய்து அனுப்புகிறார்கள். அதைக் கேட்டு எழுத்தில் அடித்துத் தருவதற்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது. வீட்டிலிருந்தே வேலை. ஒன்றரை மணி நேரம் தேர்வு. நடுவில் ஒரு தடவை வெளியேறினாலும் முடிந்தது, மறு வாய்ப்புக் கிடையாது. அரை மணிக்கு ஒரு தரம் வாயை மூடுகிற வாயாடியை வைத்துக்கொண்டு அதை எழுத முடியாது.

இதற்கு முன் இரண்டு இடங்களில் பார்வை இல்லை என்று தெரிந்ததும் நாசூக்காகக் கதவைச் சாத்திவிட்டார்கள். இந்த நிறுவனம் மட்டும் ஒன்றுமே கேட்கவில்லை. அடித்துக் காட்டுங்கள், போதும் என்றது. என் கணவர் நல்ல மனிதர்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும், "நாங்க இருக்கோம்ல, உனக்கு என்ன குறை வெச்சோம்?" என்று கேட்டுவிடுவார். பாசத்தில்தான் கேட்பார். அவர் அப்படிக் கேட்கும்போதெல்லாம் இவள் தட்டில் கை அப்படியே நின்றுவிடும். போன வாரம் ரோஷத்தில், "இதுவும் கிடைக்கலேன்னா இனிமே வேலைன்னு வாயைத் திறக்க மாட்டேன், போதுமா?" என்று சொல்லிவிட்டாள். அவரும், "வாக்கு மாறக் கூடாது" என்று பிடித்துக்கொண்டார். அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கன்னாபின்னாவென்று திட்டினேன். சொன்னது சொன்னதுதான்.

ஆகவே கையைக் கழுவிவிட்டு அவள் அறைக்குப் போனேன்.

"அந்தக் காது மாட்டியைப் பிடுங்கு. அவ என்ன சொல்றான்னு நானும் கேக்கறேன்."

அவள் எப்போதும் காதில் மாட்டிக்கொண்டுதான் வேலை செய்வாள். இத்தனை வருஷம் ஒரே கூரையின்கீழ் இருந்தும் வாயாடியின் குரலை நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. அவள் ஒயரைப் பிடுங்கினாள். அறைக்குள் தையல் மிஷின் ஓடுவதுபோல் ஒரு சத்தம் வந்தது. நிறுத்தமில்லாமல், மூச்சே விடாமல் ஒரே சத்தம். ஒரு எழுத்து புரியவேண்டுமே.

"இது என்ன பாஷை?"

"நம்ம பாஷைதான் அண்ணி. கொஞ்சம் வேகமா வெச்சிருக்கேன்."

"கொஞ்சமா?"

"மெதுவாப் பேசினா எனக்குத் தூக்கம் வந்துரும்."

நான் நம்பவில்லை. என் போனில் ஒரு செய்தியைத் தேடி எடுத்து, அதன் தலைப்பை அவளுக்குச் சொல்லி, அவள் கம்ப்யூட்டரிலும் திறக்கச் சொன்னேன். வாயாடி கடகடவென்று ஓடி முடித்தாள். நான் போனில் முதல் பத்தியைக்கூட முடித்திருக்க மாட்டேன். நாத்தனார் முழுச் செய்தியையும் வரிசையாக ஒப்பித்தாள். கடைசி வரியில் ஒரு எழுத்துப் பிழை இருக்கிறது என்றும் சொன்னாள். போய்ப் பார்த்தேன், இருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்படி ஒருத்தியை வீட்டுக்குள் வைத்துக்கொண்டுதான் 'பாவம், பொழுது போகாமல் உட்கார்ந்திருக்கிறாள்' என்று நினைத்துக்கொண்டிருந்தேனா என்று என்மேலேயே கோபம் வந்தது.

அவள் ஏற்கெனவே செய்து பார்த்ததையெல்லாம் சொன்னாள். உரிம எண்ணை மறுபடி அடித்துப் பார்த்தாள். தேதியும் நேரமும் சரியா என்று பார்த்தாள். இன்டர்நெட் வருகிறதா என்று பார்த்தாள், வைரஸ் தடுப்பை நிறுத்திப் பார்த்தாள். எதற்கும் அது மசியவில்லை. உரிமம் பற்றிய பக்கத்தில் உரிமம் செல்லும் என்றே இருக்கிறது, ஆனால் அடுத்த வரியில் இது அந்தக் கணினி இல்லை என்கிறது.

"அதே மெஷின், அதே மேசை, அதே நான். வேற எந்தக் கம்ப்யூட்டராம்?" என்றாள்.

உதவி எண்ணுக்கும் போன் செய்திருக்கிறாள். இன்று எங்கள் அலுவலகத்துக்கு விடுமுறை, எங்கள் இணையதளத்தில் நீங்களே சரிசெய்துகொள்ளலாம் என்று பதிவு செய்த குரல் சொல்லியிருக்கிறது. இணையதளத்துக்குப் போனால், முதலில் நீங்கள் மனிதர்தான் என்று நிரூபியுங்கள் என்று படங்களைக் காட்டியிருக்கிறது. இந்தப் படங்களில் போக்குவரத்து விளக்கு எதில் இருக்கிறது, தொட்டுக் காட்டுங்கள்.

"பார்வை இல்லாதவங்களுக்கு விக்கற சாமானு. அதுல படத்தைக் காட்டறானா?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்."

"காதால கேட்டு அடிக்கற வழியும் இருக்கு அண்ணி. கேட்டேன். ஒரே இரைச்சல். நாலு வாட்டி அடிச்சேன். நாலு வாட்டியும் நான் மனுஷி இல்லேன்னு சொல்லிருச்சு."

அப்போது தையல் மிஷின் சத்தம் பாதியில் நின்றது. அரை மணி முடிந்துவிட்டது. அவள் இரண்டு கைகளையும் விசைப்பலகைமேல் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.  "பயமா இருக்கு அண்ணி" என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை அதற்கு முன் நான் கேட்டதில்லை. 

"அட, படம்தானே? போக்குவரத்து விளக்குதானே? நாளெல்லாம் அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். மெஷினைப் போடு, நான் தொட்டுக் காட்டறேன்."

சொல்லிவிட்டு மேசையைப் பார்த்தேன். விசைப்பலகை இருந்தது, பெட்டி இருந்தது. காட்டுவதற்கு மானிட்டர் இல்லை.

அதை நான்தான் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். பள்ளியில் சாலைக் குறியீடுகளைக் காட்டிக் கேள்வி கேட்பதற்கு வைத்திருந்த பழைய மானிட்டர் புகைந்துவிட்டது. புதிதாக வாங்குவானேன், இங்கே ஒன்று சும்மாதானே கிடக்கிறது என்று கேட்டேன். "எனக்கு எதுக்கு அண்ணி மானிட்டர்? தூசி தட்டறதுதான் மிச்சம், எடுத்துட்டுப் போங்க" என்று அவளே ஒயரைக் கழற்றிக் கொடுத்தாள். நானும் பெருமையாகக் காரில் வைத்துக் கொண்டுபோனேன்.

"என் போன்ல அந்தப் பக்கத்தைத் திறந்தா?"

"ஆகாது அண்ணி. எந்த மெஷினுக்கு உரிமமோ அந்த மெஷின்லேர்ந்துதான் செய்யணுமாம்."

மணி இரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். பள்ளியில் ஒருவர் வாயைப் பிளந்துகொண்டு அந்த மானிட்டரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பெரிய உத்தியோகத்தில் இருப்பவர். வண்டியை இரண்டாவது கியருக்கு மாற்றவே பயப்படுவார். அதனால் அவரை நாங்கள் 'முதல் கியர்' என்போம். நான் போய் அவர் கண்ணெதிரே ஒயரைப் பிடுங்கினேன்.

"மேடம், நான் பதில் சொல்லிட்டிருக்கேன்."

"தப்பான பதில். எழுந்திரிங்க, இதைத் தூக்குங்க."

பாவம், மறுபேச்சுப் பேசாமல் தூக்கிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் அதை மடியில் குழந்தைபோல் வைத்துக்கொண்டு, என் வேகத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். அவரை வாசலிலேயே விட்டுவிட்டு மானிட்டரோடு உள்ளே ஓடினேன்.

நாத்தனார் மேசைக்குப் பின்னால் கையை விட்டுத் தடவி ஒயரைச் சொருகினாள். அந்தச் சந்துக்குள் எது எங்கே போகிறது என்று அவள் விரல்களுக்குத் தெரிந்திருந்தது. மெஷினைப் போட்டாள். திரையில் வெளிச்சம் வந்தது. தையல் மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. நான் சுட்டியைப் பிடித்துக்கொண்டு படம் வருமா, விளக்கு வருமா என்று முறைத்துக்கொண்டிருந்தேன்.

"இருங்க அண்ணி" என்று கையைத் தூக்கினாள்.

"என்ன?"

"வாயாடி லைசென்ஸ் பேச்சையே எடுக்கலை."

உரிமம் பற்றிய பக்கத்தைத் திறந்தாள். என் கண்ணாலேயே பார்த்தேன். உரிமம் செல்லும் என்று மட்டும் இருந்தது. இது வேறு கணினி என்ற வரியைக் காணோம். படமும் இல்லை, விளக்கும் இல்லை. நாங்கள் ஒன்றுமே செய்யவில்லை, அதுவாகவே சரியாகிவிட்டது.

 அவள் முகத்தில் ஒரு சிரிப்பு ஏறுவதைப் பார்த்தேன்.

"நேத்து ராத்திரி கரண்ட் போச்சுல்ல?"

"போச்சு. அதுக்கு?"

"நான் வழக்கமா இந்த மெஷினை அணைக்கவே மாட்டேன், தூங்க மட்டும் வைப்பேன். நீங்க மானிட்டரை எடுத்துட்டுப் போனப்புறம் நேத்துதான் அது முதல் தடவையா முழுசா அணைஞ்சு எழுந்திருக்கு. எழும்போது மானிட்டர் இல்லைன்னா, படம் காட்டற கார்டு தனக்கு வேலை இல்லைன்னு எழவே எழாது. வாயாடி என்ன பண்றா, காலையில எழுந்ததும், வீட்டுல எல்லாரும் இருக்காங்களான்னு பாக்கற மாதிரி, மெஷினுக்குள்ள இருக்கற சாமானையெல்லாம் எண்ணிப் பாக்கறா. ஒரு ஆளு குறையுது. உடனே, ஐயய்யோ இது வேற வீடுன்னு நினைச்சுக்கறா."

"அப்ப, நீ பாக்காத மானிட்டர் இல்லைன்னுதான் உன்னைப் பேச விடலையா?"

"ஆமா. எனக்கு எதுக்கு மானிட்டர்னு நானும் கேட்டேன், நீங்களும் கேட்டீங்க. மெஷினுக்கு வேணுமான்னு ரெண்டு பேரும் கேக்கலை."

சிரித்தோம். வயிறு வலிக்கச் சிரித்தோம். எனக்குச் சிரிப்போடு அழுகையும் வந்தது. அதற்குள் அவள், மறுபடி ஒயரைப் பிடுங்கிப் பார்த்தால் நிச்சயமாகத் தெரிந்துவிடும் என்று கையை நீட்டினாள். "கையை வெட்டிருவேன், பேசாம உக்காரு" என்றேன்.

மூன்று மணிக்குத் தேர்வு தொடங்கியது. நான் பள்ளிக்குப் போகவில்லை. முதல் கியரைப் பேருந்தில் போகச் சொல்லிவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். அவள் இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டாள். ஒரு காதில் மருத்துவர் பேசுவார், மறு காதில் அவள் அடிப்பதை வாயாடி சொல்லிக்கொண்டே வருவாளாம். மேசைக்கு அடியில் ஒரு பெடல் இருந்தது. மிதித்தால் பதிவு ஓடும், விட்டால் நிற்கும், குதிகாலால் அழுத்தினால் பின்னால் போகும். நான் இத்தனை நாளும் அதைக் கால் வைத்துக்கொள்ளும் பலகை என்று நினைத்திருந்தேன்.

மானிட்டர் இருந்ததால் அன்று முதல் முறையாக அவள் எழுதுவதைப் பார்த்தேன். கை ஓட ஓட எழுத்து வரிசையாக வந்துகொண்டே இருந்தது. மருந்துப் பெயர்கள், எலும்புகளின் பெயர்கள், என் வாயில் நுழையாத வார்த்தைகள். இரண்டு காதில் இரண்டு பேர் பேச, காலும் கையும் தனித்தனியாக வேலை செய்ய, அவள் முகம் மட்டும் சாந்தமாக இருந்தது. என்னிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குக் கிளச்சையும் பிரேக்கையும் சேர்த்து நினைவு வைப்பதற்கே மாதக்கணக்காகிறது. நான் மூச்சைச் சத்தமாக விடக்கூடப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். கும்பிடத் தோன்றியது என்று சொன்னால் அவள் சிரிப்பாள். ஆனால் தோன்றியது உண்மை.

கடைசிப் பதிவு ஒன்று பாக்கி இருந்தது. அந்த மருத்துவர் வாய்க்குள்ளேயே பேசுகிறவராம். அவள் தலையைச் சற்றே சாய்த்துக்கொண்டு கேட்டுக் கேட்டு அடித்தாள். திரையில் வரிகள் மெதுவாக வந்தன.

நோயாளி பெண். வயது இருபத்தாறு. இரு கண்களிலும் பார்வை முற்றிலும் இல்லை. மீள வாய்ப்பில்லை.

 அவள் விரல்கள் நிற்கவில்லை. நோயின் பெயரை அடித்தாள். யாரோ ஒருத்திக்கு, இவளுக்கு வந்த அதே நோய். அடுத்ததாக அவள் குதிகால் பெடலை அழுத்தியது. பதிவு பின்னால் போனது. கேட்டாள். மறுபடி அழுத்தினாள், மறுபடி கேட்டாள். மூன்றாவது முறையும் அழுத்தினாள். விரல்கள் விசைகளின்மேல் தொங்கிக்கொண்டிருந்தன. என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. பிறகு அவள் அடித்தாள்.

இவரால் இனி எந்த வேலையும் செய்ய இயலாது.

ஒரு எழுத்தும் பிசகவில்லை. முற்றுப்புள்ளியும் வைத்தாள். முழுவதையும் ஒரு தடவை வாயாடியை வாசிக்க விட்டுக் கேட்டாள். அனுப்பினாள். காது மாட்டியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

நான் எழுந்தே நின்றுவிட்டேன். "எதுக்குடி அதை அடிச்சே?"

"அவர் சொன்னாரு, அடிச்சேன். சொன்னதை அடிக்கறதுதானே அண்ணி வேலை?"

"அவர் சொன்னா? நீ அதை..." என்று தொடங்கினேன். 

"'இயலாது'ன்னு சொல்றதுக்கு முன்னாடி லேசா இருமினாரு. அதான் மூணு வாட்டி கேக்க வேண்டியதாப் போச்சு" என்றாள். இருமினாரா இல்லையா என்று நான் கேட்கவில்லை.

பதில் வர நாளாகும் என்று நினைத்தோம். அவள் அண்ணன் வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, "என்ன ஆச்சு?" என்று அறை வாசலில் நின்று கேட்டபோது வந்துவிட்டது. மானிட்டரில் எழுத்து தெரிந்ததும் நான் குனிந்து படிக்க ஆரம்பித்தேன். வாயாடியும் ஆரம்பித்தாள். நான் இரண்டாவது வரிக்குப் போவதற்குள் நாத்தனார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். கை வாயைப் பொத்திக்கொண்டிருந்தது.

வேலை கிடைத்திருந்தது. வரும் திங்கட்கிழமை தொடங்கலாம் என்றிருந்தது. அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி. கடைசிப் பதிவைப் பேசிய மருத்துவரின் பேச்சு இதுவரை யாருக்குமே ஒழுங்காகப் புரிந்ததில்லை, பிழையில்லாமல் எழுதியது நீங்கள் ஒருவர்தான், ஆகவே இனிமேல் அவருடைய அறிக்கைகள் எல்லாம் உங்களுக்கே வரும்.

அவள் அண்ணனுக்காக நான் அதைச் சத்தமாகப் படித்தேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மருத்துவர் சொன்னது என்ன என்று கேட்டார். நான் மானிட்டரில் அந்த அறிக்கையைத் திறக்கச் சொல்லி, கடைசி வரியைக் காட்டினேன். அவர் படித்தார். தங்கையைப் பார்த்தார். வழக்கமாகக் கேட்கிற கேள்வி அன்று அவர் வாயில் வரவில்லை.

"அந்த டாக்டர் பேசறது யாருக்கும் புரியலையாம்ணா" என்றாள் அவள். "எனக்கு நல்லாப் புரிஞ்சுது."